இருபத்து மூன்று காசுகளும் ஓர் ஆணியும்

"உறையைப் பிரிங்க."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குப் புரிந்தது.

நீதிமன்றக் காப்பறைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். வழக்குகளில் பிடிபட்ட கத்தி, கடிகாரம், கள்ளச் சாவி, கறை படிந்த போர்வை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் முப்பது வருஷம் உட்கார்ந்து அவரும் ஒரு சாமானாகவே ஆகிவிட்டிருந்தார். கழுத்தில் சீட்டுக் கட்டி எண் போடாததுதான் பாக்கி.

"என்னம்மா சொன்னீங்க?"

"உறையைப் பிரிங்கன்னேன். காசை ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டுல வைங்க. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

பக்கத்தில் நின்ற குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "ஜூனியரம்மா, அரக்கு முத்திரை உடையாம இருக்கான்னு பாத்தாப் போதும்னுதானே சார் அனுப்பினாரு? காசு கிடைச்ச வீட்டுக்காரர் பக்கம் வந்து பாத்தாங்க, கையெழுத்துப் போட்டாங்க, போயிட்டாங்க. அரசாங்க வக்கீலும் அப்படித்தான். நமக்கு மட்டும் என்ன தனி ராஜ்ஜியம்?"

அதுதான் சீனியர் வைத்த சட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: "காப்பறையில போய் எதையும் பிரிக்கச் சொல்லி மட்டும் கேக்காதே. அது அவங்க நேர்மையைச் சந்தேகப்படுற மாதிரி. அப்புறம் நம்ம ஃபைல் ஒண்ணுகூட நகராது." ஒன்றரை வருஷமாக அவளும் கேட்டதில்லை. ஆனால் இன்றைக்கு நீட்டிய படிவத்தில், 'இருபத்து மூன்று தங்க நாணயங்களையும் நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறார்கள். அந்த மாதிரி ஒரு பொய்யை அவள் ஏற்கெனவே ஒருமுறை இந்தக் கைகளாலேயே தட்டச்சு செய்திருக்கிறாள். அது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அப்படியும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாளோ என்னவோ. காப்பறைக்காரர் சும்மா இருக்கவில்லை.

"கொத்தனார் பொண்ணுதானே நீங்க? தங்கத்தைத் தொட்டுப் பாக்கணும்னு ஆசையா இருக்கும். தப்பில்ல."

"கோர்ட் உத்தரவுல 'ஆய்வு செய்யலாம்'னு இருக்கு. படிக்கத் தெரியும்ல? பிரிங்க" என்றாள்.

இந்த வழக்கு ஊரே வாயைப் பிளந்து பார்த்த வழக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய வீட்டின் சமையலறைச் சுவரை அவள் அப்பா இடித்தபோது, செங்கலுக்கு நடுவிலிருந்து ஒரு செப்புச் செம்பு உருண்டு விழுந்தது. உள்ளே இருபத்து மூன்று தங்கக் காசுகள். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் கை தூக்கி நிற்கிற ஓர் ஆள். இந்த மாதிரிக் காசு உலகத்திலேயே நாலுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று வல்லுநர் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். எங்கள் பாட்டன் புதைத்தது என்றார் வீட்டுக்காரர். மறைந்து கிடந்த புதையல் எங்களுடையது என்றது அரசாங்கம். கண்டெடுத்தவனுக்கும் சட்டத்தில் ஒரு பங்கு உண்டு என்று கொத்தனாருக்காக நின்றார் சீனியர். வழக்கு முடிகிறவரை காசுகள் அரக்கு வைத்து இந்தக் காப்பறையில். அடுத்த வாரம் இறுதி விசாரணை.

காப்பறைக்காரர் உறையைப் பிரித்தார். கோபத்தில் அவர் விரல்கள் வேகமாக வேலை செய்தன. சின்னச் சின்னக் காகிதப் பைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். அவள் முதல் காசை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். கப்பல். அவளுக்கு மனப்பாடமான கப்பல்.

மனப்பாடமானதற்குக் காரணம் உண்டு. அது இந்த நீதிமன்றத்தில் அவளையும் சீனியரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு எழுதப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவார். ஈரச் சுவர்தான் அவருடைய நோட்டுப் புத்தகம். எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை ஆள் வேலைக்கு வந்தார்கள், யார் கடப்பாரையை இரவல் வாங்கினார்கள், எல்லாவற்றையும் பூச்சு காய்வதற்குள் ஆணியால் கோடும் படமுமாகக் கீறி வைப்பார். ஒருமுறை யாரோ ஒருவர் வீட்டில் பித்தளைக் குழாய் காணாமல் போய், காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க அவரை நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அடுத்தவர் பொருள் எது கைக்கு வந்தாலும் அடையாளம் எடுத்து வைக்காமல் விடமாட்டார்.

செம்பு கிடைத்த அன்றைக்கு வீட்டுக்காரர் ஊரில் இல்லை. விட்டுவிட்டு வந்தால் யாராவது எடுப்பார்கள், பழி இவர் தலையில் விழும். துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வாரம்தான், அம்மா இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, பின்புறம் குளிக்கிற இடத்துச் சுவருக்குப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பினவர் வீட்டில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற கதை அது. மாலையில் கடைசிப் பகுதியைப் பூசி, கரணையால் இழுத்து, அந்த ஈரச் சாந்தில் இருபத்து மூன்று காசையும் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தார். மேல் வரிசைகளில் கப்பல், கீழ் வரிசைகளில் ஆள். மறுநாள் வீட்டுக்காரர் வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்றிலிருந்து தினமும் பல் தேய்க்கும்போது அவள் அந்தக் கப்பல்களைத்தான் பார்த்தாள்.

எட்டுக் காசு ஆயிற்று. ஒன்பதாவதைத் திருப்பினாள். பாய்மரத்தின் உச்சியிலிருந்து சாய்வாக ஒரு மெல்லிய கோடு இறங்கியது. மயிரிழை அளவு, மேடாக. கயிறு போலத்தான் இருந்தது. ஆனால் மற்ற எட்டுக் கப்பலிலும் கயிறு இல்லை.

பத்தாவதில் இல்லை. பதினான்காவதில் இருந்தது. பத்தொன்பதாவதிலும் இருந்தது.

யோசிக்காமல் அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த மூன்றையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றின் விளிம்பில் முடிந்த கோடு அடுத்ததின் விளிம்பில் தொடங்கியது. மூன்று கப்பலையும் ஒரே கோடு கோத்துக்கொண்டு போயிற்று.

இது கயிறில்லை. இது அவர்கள் வீட்டுச் சுவரின் விரிசல். கண்ணாடி மாட்ட அம்மா அடித்த ஆணியிலிருந்து கிளம்பி, மூன்று கப்பலை வெட்டிக்கொண்டு இறங்குகிற விரிசல். சுவரில் பள்ளமாக இருப்பது, சுவரிலிருந்து அச்சு எடுத்தால் மேடாகத்தான் வரும். இது கொத்தனார் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்த்தவன் அதைக் கப்பல் கயிறு என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறான்.

அப்படியென்றால் தட்டில் இருக்கிறவை செம்பிலிருந்து வந்த காசுகள் இல்லை.

அந்தச் சுவரிலிருந்து அச்சு எடுத்தது யார்? அவள் கண்ணெதிரேதான் எடுத்தார்கள். போன வருஷம். "வழக்குக்குப் பலமா இருக்கும், ஒரு பிரதி நம்மகிட்ட இருக்கட்டும்" என்று சீனியர் ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் வெள்ளை மாவைக் கரைத்துச் சுவரில் அப்பினான். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த சில மாதத்தில் மதிப்பீட்டுக்காக இந்த உறையை ஒரே ஒருமுறை பிரித்தார்கள். கூட இருந்தவர்கள் சீனியரும் காப்பறைக்காரரும். வல்லுநர் பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகு, திரும்ப வைத்து மூடியதும் அவர்கள்தான்.

"என்ன ஜூனியரம்மா, கோலம் போடுறீங்களா?" என்றார் குமாஸ்தா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை.

"எண்ணினேன்" என்றாள். "சரியா இருக்கு. இருபத்து மூணு."

"அப்போ படிவத்துல போடுங்க."

"நாளைக்குப் போடுறேன். பேனா எழுதல."

"என் பேனா எழுதும்."

"நாளைக்கு."

காப்பறைக்காரர் புது உறையில் காசுகளைப் போட்டு அரக்கை உருக்கினார். உறை மேல் அவள் கையெழுத்தைக் கேட்டார். பிரிக்கச் சொன்னவர்தான் போடவேண்டும் என்பது விதி. போட்டாள். பதிவேட்டில் நேரம் எழுதினார், பெயர் எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் கோபம் போய், ஏதோ நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர் மாதிரி ஒரு தெளிவு வந்திருந்தது.

படியில் பாதி இறங்கும்போதுதான் அந்தத் தெளிவுக்கு அர்த்தம் விளங்கியது. இத்தனை மாதமும் கடைசியாக உறையைப் பிரித்தவர்கள் சீனியரும் காப்பறைக்காரரும். இப்போது கடைசியாகப் பிரித்தவள் அவள். கையெழுத்தோடு, நேரத்தோடு.

மேலே, கம்பிக் கதவுப் பக்கம், குமாஸ்தா கைப்பேசியில் பேசுகிற சத்தம் கேட்டது. "ஆமா சார். மூணை மட்டும் தனியா எடுத்து வச்சுப் பாத்தா சார்."

அவள் ஓடவில்லை. ஓடினால் திருடி என்பார்கள். பேருந்து நிறுத்தம் வரை விறைப்பாக நடந்து, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். ஓர் இரு சக்கர வண்டி பேருந்துக்குப் பின்னாலேயே வந்தது. குமாஸ்தா வண்டியும் அதே நிறம்தான். அந்த நிறத்தில் ஊரில் ஆயிரம் வண்டி உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலாவது நிறுத்தத்திலும் அது பின்னால் இருந்தது. ஐந்தாவதில் இல்லை. இல்லாமல் போனது இன்னும் பயமாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே அம்மாவின் குரல் கேட்டது.

"உடைங்க! என் முதுகையும் சேத்து உடைங்க! இருபது வருஷம் கேட்டு வாங்குன சுவருய்யா இது!"

பின்புறத்தில் அப்பா சம்மட்டியோடு நின்றார். அம்மா சுவரில் முதுகை ஒட்டி, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கப்பல்கள்.

"யாருப்பா உடைக்கச் சொன்னது?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உன் சீனியர் ஃபோன் பண்ணாரு. சுவர் இருந்தா உனக்கு ஆபத்துன்னாரு பாப்பா. உன் வேலைக்கே ஆபத்தாம். இன்னைக்கே உடைச்சுத் தூளாக்கிடணுமாம்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்" என்றாள் அம்மா. "இவருக்கு எதையும் உடைக்கச் சொன்னாப் போதும். கட்டத்தான் இருபது வருஷம் ஆகும்."

அவள் கீழே உட்கார்ந்து, காப்பறையில் பார்த்ததை எல்லாம் சொன்னாள். கோடு, மூன்று காசு, வெள்ளை மாவு, அரக்கு, பதிவேடு. சொல்லச் சொல்ல அப்பாவின் கையிலிருந்த சம்மட்டி தானாகவே கீழே இறங்கியது.

"அப்போ அந்தக் காசெல்லாம் தங்கமே இல்லியா?"

"தங்கம்தாம்ப்பா. நகைக்கடைத் தங்கம். எடைக்கு எடை சரியா வார்த்திருப்பாங்க. அந்தக் காசோட மதிப்பு தங்கத்துல இல்ல, வயசுல. அதைத்தான் திருடியிருக்காங்க."

"யாருகிட்டச் சொன்னாலும் என்னைத்தானே பிடிப்பாங்க" என்றார் அப்பா. குழாய் திருடன் என்று நிற்க வைத்த அந்தப் பகல் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. "சுவரு என் வீட்டுச் சுவரு. அழுத்தினது என் கை. காசு வீட்டுக்கே வரலன்னு வேற கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அதுதான் அந்த முள். அவள் படிப்பு முடிக்கிற வருஷம். சீனியரைப் பார்க்க அப்பாவோடு அவளும் போயிருந்தாள். சுவரில் அழுத்தி எடுத்ததுவரை அப்பா அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். தட்டச்சுக்காரர் அன்று வரவில்லை. சீனியர் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள்: 'கிடைத்த அன்றே ஒப்படைத்தேன். நாணயங்கள் ஒரு நிமிடமும் என் வீட்டுக்கு வரவில்லை என்று சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்.' சின்னப் பொய்தான், உங்க அப்பா நல்லதுக்குத்தான் என்றார். அப்பா வாசிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. மகள் அடித்தது, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் சீனியர், "படிப்பு முடிஞ்சதும் எங்கிட்டயே ஜூனியரா வந்துடும்மா, கெட்டிக்காரி நீ" என்றார். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. தகுதிக்குக் கிடைத்த இடம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவருக்கு வேண்டியிருந்தது அவள் வீட்டுச் சுவர்.

வெட்கத்தில் காது சுட்டது. பயத்துக்கு நடுவில் அந்தச் சூடு கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

"அம்மா, இந்த ஆணியை எப்போ அடிச்சே?"

"என்னைக் கேக்குறியா வக்கீலு? உனக்குத்தான் அடிச்சேன். கறுப்பு அங்கி மாட்டிக்கிட்டு மூஞ்சி பாக்க கண்ணாடி வேணும்னு நின்னியே. நீ வக்கீலாப் பதிஞ்ச மறுவாரம்."

"என் பூச்சைப் பாழாக்கிட்டாளேன்னு ரெண்டு நாள் நான் இவகூடப் பேசல" என்றார் அப்பா.

"அந்த ரெண்டு நாளுதான் வீடு நிம்மதியா இருந்துச்சு."

அவள் உள்ளே ஓடி, அலமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வந்தாள். வக்கீலாகப் பதிவு செய்த அன்று எடுத்தது. வீட்டில் பூசிய சுவர் அது ஒன்றுதான் என்பதால் அதற்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தார்கள். படத்தின் மூலையில் தேதி. கறுப்பு அங்கியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். தோளுக்கு மேலே கப்பல்கள் வரிசையாக. கண்ணாடி இல்லை, ஆணி இல்லை, விரிசல் இல்லை.

காசுகளுக்கு அரக்கு வைத்தது அதற்கு ஏழு மாதம் முன்னால்.

காசுகள் பூட்டுக்குள் போன பிறகு பிறந்த விரிசல், பூட்டுக்குள் இருந்த காசில் இருக்கிறது. பூட்டுக்கு வெளியே இருந்த கொத்தனார் அங்கே போய் மாற்றியிருக்க முடியாது. இந்தச் சுவரும் இந்தப் படமும் இருக்கிறவரை அப்பாவைத் திருடன் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளையும்தான். இன்றைக்குக் குமாஸ்தாவுக்கு முன்னால் பிரித்த உறைக்குள் இருபத்து மூன்று காசை வார்த்துக் கொண்டுபோய் வைக்க அவள் என்ன மாயக்காரியா?

ஆனால் சுவரைக் காட்டினால், காசு வீட்டுக்கு வந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரமாணம் எடுத்துப் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாகச் சிறை உண்டு. கண்டெடுத்தவனுக்கான பங்கும் போகும். அவள் அங்கியும் போகலாம்.

அவள் இதை ஒளிக்காமல் சொன்னாள். அப்பா பக்கத்தில் கிடந்த கரணையை எடுத்து அதன் முனையால் தரையைச் சுரண்டினார்.

"உடைச்சுட்டா?"

"உடைச்சுட்டா, நாளைக்கு அவர் சொல்ற இடத்துல நான் கையெழுத்துப் போடுவேன். எல்லாரும் நிம்மதியா இருக்கலாம். என்னிக்காவது ஒருநாள் எவனாவது அந்தக் கோட்டைப் பாப்பான். அப்போ உங்ககிட்டக் காட்ட ஒண்ணும் இருக்காது. கடைசியாப் பிரிச்சது உங்க மக, அவ அப்பன் வீட்டுச் சுவருலதான் அச்சு இருந்துச்சாம்பாங்க. சுவரு இல்லாட்டியும் அதைச் சொல்ல அந்த வெள்ளை மாவு ஆள் இருக்கான்."

அப்பாவின் கைப்பேசி அடித்தது. சீனியர். மூவரும் அதைப் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். அம்மாதான் எழுந்தாள். கைப்பேசியை எடுத்து ஒலிபெருக்கியைத் தட்டினாள். மறு கையால் சம்மட்டியைத் தூக்கிப் பழைய இரும்பு வாளியை ஓங்கி அடித்தாள்.

"சொல்லுங்க ஐயா! உடைச்சிக்கிட்டே இருக்காரு! காது கேக்கல!" டங், டங், டங். "தூளு கண்ணுல விழுதுங்க! அப்புறம் பேசுறேன்!"

வைத்துவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாளி நசுங்கிப் போயிருந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்: "எழுது பாப்பா. இந்தத் தடவை எனக்கு வாசிச்சுக் காட்டு."

அவள் எழுதினாள். மூன்று பக்கம். முதல் பிரமாணம் பொய், சொன்னவர் யார், அடித்தது யார், காசு ஓர் இரவு எங்கே இருந்தது, சுவரில் என்ன இருக்கிறது, விரிசல் எப்போது வந்தது. நீதிபதி ஆள் அனுப்பிச் சுவரைப் பார்க்க வேண்டும், உறையை எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும். ஒரு வரிகூட விடாமல் வாசித்துக் காட்டினாள். 'தண்டனை வந்தால் ஏற்கிறேன்' என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. "படி, படி" என்றார் அப்பா. பிறகு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள்.

காலையில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் சீனியர் அலுவலகத்தில் ஏறினாள். அவளுடைய வக்கீல் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதி அவர் இழுப்பறையில் இருந்தது. 'பத்திரமா இருக்கட்டும்' என்று முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார். அது கையில் இருந்தால் நல்லது என்று தோன்றியது. போகாதே என்றுதான் அம்மா சொன்னாள்.

சீனியர் ரொம்பச் சாந்தமாக இருந்தார். உட்காரச் சொன்னார். மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். படிவம் மேசைமேல் தயாராக இருந்தது, பேனாவோடு. குமாஸ்தா கதவை ஒட்டி நின்றுகொண்டார்.

"சின்ன வயசு. ஆர்வக்கோளாறு. நான் தப்பா எடுத்துக்கல. போடு."

"சார், என் சான்றிதழ் வேணும்."

"எதுக்கு?"

"வீட்டுல அம்மா பாக்கணும்னாங்க."

அவர் சிரித்தார். "உங்க அம்மாவுக்கு இப்போ சுவர் இல்லாத கவலையே பெரிசா இருக்குமே. நேத்து சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு." பேனாவை அவள் பக்கம் உருட்டினார். "இங்க பாரும்மா. உறையில காசு இருக்கு. தங்கம் இருக்கு. எண்ணிக்கை சரியா இருக்கு. அதுக்கு மேல உனக்கு என்ன தெரியணும்? கடைசியாப் பிரிச்சது யாருன்னு பதிவேடு சொல்லும். பொய்ப் பிரமாணத்தை அடிச்சது யாருன்னு உங்க அப்பாவே சொல்லுவாரு, பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசன். அந்த மனுசனை இந்த வயசுல கம்பிக்குப் பின்னால உக்கார வைக்கிறதும் வீட்டுல உக்கார வைக்கிறதும் உன் கையிலதான் இருக்கு."

எதையும் உரக்கச் சொல்லவில்லை. குரலில் அக்கறைகூட இருந்தது. இந்தக் குரலைத்தான் அவள் ஒன்றரை வருஷம் நம்பினாள். கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மடியில் இருந்த பையில் மூன்று பக்கமும் ஒரு படமும். அவர் கை நீட்டினால் எட்டிவிடும் தூரம். குமாஸ்தா பார்வை அந்தப் பை மேலேயே இருப்பது மாதிரி இருந்தது.

"கையெழுத்துப் போட்டா சான்றிதழ் தருவீங்களா?"

"போட்ட நிமிஷம்."

அவள் இழுப்பறையைப் பார்த்தாள். அந்தக் காகிதத்துக்காக அப்பா எத்தனை வீட்டுச் சுவரைப் பூசினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு நொடி அவள் கை பேனாவரை போனது. போன கை அதை எடுத்து மூடி போட்டு, படிவத்தின் மேல் குறுக்காக வைத்தது.

"உங்க பேனாவும் எழுதல சார்."

எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் இடித்தது. குமாஸ்தா கதவுக்கு நடுவில் வந்து நின்றார்.

"வழி விடுங்கண்ணே."

அவர் நகரவில்லை. சீனியரைப் பார்த்தார். சீனியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடு. எங்க போயிடப் போறா. சாயங்காலம் அவ அப்பனே கூட்டிட்டு வருவான்."

கதவுக்கும் குமாஸ்தாவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நுழைந்து வெளியே வந்தாள். சான்றிதழ் இழுப்பறையிலேயே கிடந்தது. கிடக்கட்டும். படியில் கால் இரண்டு தடவை இடறியது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது, திரும்பவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம், நீதிமன்ற வாசல் மரத்தடியில், அப்பா துவைத்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா வரவில்லை. சுவரைப் பார்க்க நீதிமன்றத்திலிருந்து ஆள் வரும்வரை முதுகை எடுக்கமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நசுங்கின வாளியும் சம்மட்டியும் பக்கத்தில்.

வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன. இடைவெளி விழுகிறவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. கையைக் காட்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள்.